களனி ஆற்றில் ஆளில்லாத மரம்

எர்ணாவூர்க் குப்பத்தில் எங்கள் இருவரையும் பார்த்தால், "மலையில மீன் புடிக்கப் போனவங்க வர்றாங்க" என்று இன்னும் கேலி செய்கிறார்கள். மீன் பிடிக்கப் போகவில்லை, மரம் வாங்கத்தான் போனோம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். கட்டுமரத்துக்கு வேண்டிய மரம் கடற்கரையில் விளைவதில்லை. கடலில் மிதக்கும் ஒவ்வொரு கட்டுமரமும் ஏதோ ஒரு மலையில் நின்ற மரம்தான். இது எங்கள் குப்பத்தில் பாதிப் பேருக்குத் தோன்றியதே இல்லை. இலங்கைக்குப் போகும்வரை எனக்கும் தோன்றியதில்லை.

என் அக்கா கன்னியம்மாவின் புருஷன் ஏழுமலை மாமா. பெயரில் ஏழு மலை இருந்தும் பரங்கிமலையைக்கூட அதுவரை அவர் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. மீசை முளைக்கும் முன்பே மரம், அதாவது கட்டுமரம், ஏறியவர். நான் அதே குப்பத்தில் பிறந்தும் பள்ளிக்கூடம், துறைமுகம் என்று தரைப்பக்கம் ஒதுங்கிவிட்டவன். ராயபுரத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிற குமாஸ்தா வேலை பார்த்தேன். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சம்பாதிக்கிறவன் என்று மாமா என்னைச் சொல்வார். அதில் கோபம் கிடையாது. கொஞ்சம் இளக்காரம் உண்டு.

டிராம் ஓடிக்கொண்டிருந்த கடைசி வருஷங்கள் அவை. முந்தின வாடைக் காலத்துப் புயலில் மாமாவின் மரம் போய்விட்டது. மணலில் மேடான இடத்தில்தான் ஏற்றிக் கட்டியிருந்தார். கடல் அங்கேயே வந்து எடுத்துக்கொண்டு போயிற்று. புயல் ஓய்ந்த பிறகு கரையோரமாகவே வடக்கே நடந்து போனவர், எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி ஒரு குப்பத்தில் தன் மரத்தைப் பார்த்தார். யாரோ இழுத்துப் போட்டுப் புதுக்கயிறு மாற்றிக் கட்டியிருந்தார்கள். பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்துவிட்டார். எங்கள் கரையில் அதுதான் வழக்கம். மேலே ஆள் இருந்தால் மரம் அவனுடையது. ஆளில்லாமல் வந்தால், முதலில் எவன் கை வைக்கிறானோ அவனுடையது. கடல் ஒருவனுக்குக் கொடுத்ததைப் போய் என்னுடையது என்று கேட்பது பிச்சை எடுப்பதைவிடக் கேவலம் என்று நினைப்பவர்கள் நாங்கள்.

பிடித்த மீனைப் பங்கு வைக்கும்போது ஆளுக்கு ஒரு பங்கு, மரத்துக்கு ஒரு பங்கு என்று வைப்பார்கள். மரம் போனவனுக்கு அந்தப் பங்கு போவதோடு நிற்பதில்லை. எங்கே வலை போடலாம் என்று சொல்லும் வாயும் போய்விடும். மாமா அந்த வருஷம் முழுவதும் தன்னைவிட இளையவர்களின் மரத்தில் பின்னால் உட்கார்ந்து, அவர்கள் சொன்னதைச் செய்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லை. "அந்த மனுசன் சிரிச்சி எம்மாம் நாளாவுது தெரியுமாடா" என்று அக்கா என்னிடம் அழுதாள். அடுத்த மீன் காலத்துக்குள் அவருக்குச் சொந்த மரம் வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

வண்ணாரப்பேட்டையில் மரக்கடை வைத்திருந்த காதர் பாய் வழி சொன்னார். இலங்கை மலைத் தோட்டங்களில் தேயிலைக்கு நிழல் தருவதற்காக ஒரு மரம் வளர்க்கிறார்கள், வெட்டிக் காயவைத்தால் தக்கையாக மிதக்கும் என்றார். "ஆள் வுட்டு வாங்குனா எவனாச்சும் உளுத்துப்போனத உன் தலையில கட்டிடுவான் நைனா. நீயே போய்த் தட்டிப் பாத்து எடு. கொழும்புலேர்ந்து என் சரக்கு ஏத்திகினு தோணி வருது, அதுல உன் மரத்தையும் போட்டுக்கலாம். தோணி உனக்காவ நிக்காது. அத்த மட்டும் மறந்துடாத." தாள், முத்திரை, கையெழுத்து என்று பார்க்க ஓர் ஆள் வேண்டுமே என்று மாமா என்னைக் கூப்பிட்டார். லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். எப்படிப் போனோம், எந்த அதிகாரி எங்களை எங்கே உட்கார வைத்தார் என்பதையெல்லாம் எழுதினால் படிக்கிறவர்களும் எங்களோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். விட்டுவிடுகிறேன்.

மலையேறும் பஸ் ஒரு வளைவில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் போய், ரோட்டோரத்துச் சின்ன மாடத்தில் ஒரு பூவை வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்து கிளப்பினார். கிளம்பியது. மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. "தோ பாரு, வண்டிய ரிப்பேர் பண்ணல, சாமிய சரிக்கட்டிட்டு வந்துட்டான்" என்றார். எங்களுக்குப் பின்னால் இருந்த இரண்டு சிங்களப் பெண்கள் அவரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். தமிழ் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். "இந்த ஆள் ஏன் கம்பியை இப்படிக் கட்டிப் பிடித்திருக்கிறான், கம்பி எங்கேயாவது ஓடிவிடுமா என்று கேட்கிறார்கள்" என்றார். மாமா உண்மையிலேயே வழி முழுவதும் கம்பியை அணைத்துக்கொண்டுதான் வந்தார். ஆடுகிற எதில் ஏறினாலும் கையை விடக் கூடாது என்பது அவர் உடம்பில் ஊறிப்போனது.

கித்துல்கல என்ற ஊரில் மழையில் இறங்கினோம். தோட்டத்து மரங்களை வெட்டி விற்கும் வேலையைப் பார்த்த மாணிக்கம் குடையோடு நின்றிருந்தான். அவனுடைய பாட்டன் திருச்சிப் பக்கத்திலிருந்து போனவராம். தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் பேசுவான். அவன் வீட்டில் தேங்காய் போட்ட ரொட்டியும், மிளகாய் வைத்து இடித்த சம்பலும் கொடுத்தார்கள். பிறகு தேத்தண்ணீர். அதில் சர்க்கரை போடுவதில்லை. ஒரு கையில் கருப்பட்டித் துண்டு, இன்னொரு கையில் டம்ளர். கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். மாமா கருப்பட்டியை டம்ளரில் போட்டு விரலை விட்டுக் கலக்கிவிட்டார். வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் குப்பமாக இருந்தால் ஊரே கூடிச் சிரித்திருக்கும்.

சோற்றுக்கு மீன் குழம்பு வைத்திருந்தார்கள். விருந்தாளி கடற்கரைக்காரர்கள் என்று தேடிப் பிடித்து வாங்கிய மீன். மாமா ஒரு வாய் போட்டுவிட்டு என் காதருகே குனிந்து, "இது செத்து ஒரு வாரம் ஆவுது மச்சான்" என்றார். நிமிர்ந்து, மாணிக்கத்தின் மனைவியிடம், "சோக்கா கீதும்மா" என்று சொல்லி இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அவரை அப்போது ரொம்பப் பிடித்தது.

மறுநாள் மரம் பார்க்கப் போனோம். போகும் வழியெல்லாம் அட்டை. காலில் ஏறியதே தெரியாது, ரத்தம் வழியும்போதுதான் தெரியும். மாமா ஒன்றைப் பிய்த்துக் கையில் வைத்துப் பார்த்து, "தூண்டில்ல மாட்டலாம், நல்லா வரும்" என்றார். கோடையிலேயே வெட்டிய மரங்கள் ஆற்றங்கரைக் கொட்டகையில் காய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். நுனியில் ஒரு சிராயைப் பெயர்த்துத் தண்ணீரில் போட்டு, எவ்வளவு மேலே நிற்கிறது என்று பார்த்தார். வேண்டாம், வேண்டாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் நான்கு மரம் எடுத்தார். அதில் ஒன்றின் மேல், தரையில் கிடக்கும்போதே, முட்டி போட்டு உட்கார்ந்து, இல்லாத துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அக்கா அங்கே இல்லாமல் போனாளே என்று இருந்தது.

லாரி சொல்லி வைத்திருந்தோம். அது வருவதற்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. மெட்ராஸில் மழை என்றால் அடித்துத் தீர்த்துவிட்டுப் போய்விடும். இங்கே வந்த வேலையை மறந்துவிட்ட விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டது. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் ரோடு இல்லை. மலையிலிருந்து மண் சரிந்து, ரோட்டையும் அதற்கு மேலே சரிவில் நின்ற இரண்டு பலா மரத்தையும் அள்ளிக்கொண்டு பள்ளத்துக்குப் போயிருந்தது. மனிதர்கள் நடந்து போக ஒற்றையடிப் பாதை உண்டு. மரத்தைத் தூக்கிக்கொண்டு அதில் போக முடியாது. ரோடு சரியாக ஒரு மாதமாவது ஆகும் என்றார்கள். இலங்கையில் தங்க எங்களுக்குக் கொடுத்த அனுமதி அதற்குள் முடிந்துவிடும். தோணி அதற்கும் முன்பே போய்விடும்.

மாமா இடிந்து போய் உட்கார்ந்துவிட்டார். மாணிக்கம்தான் பேச்சை எடுத்தான்.

"ஒரு வழி இருக்குங்க. மூங்கில் வெட்டுறவங்க செய்யிறதுதான். மழை விட்டதும் மரத்த களனி கங்கையில தள்ளிவிட்டுட்டு நாம கரையோரமா நடந்து போயிருவோம். கீழ ஆத்தக் கடக்கிற தோணித்துறையில பியதாசன்னு ஒருத்தர் இருக்காரு. புடிச்சுக் கட்டி வச்சிருவாரு. அங்கேருந்து ரோடு நல்லா இருக்கு, லாரி வரும்."

"கட்டி வெச்சிகினு?" என்றார் மாமா.

"நாம போய் எடுத்துக்க வேண்டியதுதான்."

மாமா சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "நல்லா கீதே கத. ஆளில்லாத மரத்த வுட்டுட்டு, அத்த புடிச்சவன்கிட்ட போய் என்னுதுன்னு கேக்கறதா? எந்த மூஞ்ச வெச்சிகினு கேக்கறது?"

"இங்க அப்படி இல்லிங்க..."

"எங்கியும் அப்டித்தான் நைனா. ஒரு தபா வுட்டுட்டு நிக்கறேன். இந்தத் தபா மேல குந்திகினு போறேன்."

மாணிக்கம் பதறிப்போனான். கங்கை இப்போது குளிக்கிற கங்கை இல்லை, பாறைக்குப் பாறை சரிந்து விழுகிறது, உள்ளூர்க்காரனே இறங்க மாட்டான் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தான். "வாடைக்காலத்து அலைய ஏறி எறங்கனவன் நானு. இது ஆறுதானே" என்று மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் வேடிக்கை. எங்கள் கரையில் பிறந்த எவனைக் கேட்டிருந்தாலும் மரத்தின் மேல் ஏறித்தான் போயிருப்பான். ஒரு மரத்துக்கு இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது ஆள் நான்.

மழை விட்டு வெள்ளம் கொஞ்சம் இறங்கிய ஒரு காலையில் நான்கு மரத்தையும் சேர்த்துக் கட்டினோம். அந்த ஊர்த் தேங்காய் நார்க் கயிற்றை மாமா வாயாரப் புகழ்ந்தார். மூங்கிலைப் பிளந்து இரண்டு துடுப்பு செய்துகொண்டோம். மாற்றுத் துணியும் தாள்களும் இருந்த பையை மாணிக்கம் தலையில் வைத்துக்கொண்டு பாதையில் நடந்தான். மாமா தண்ணீரைத் தொட்டு, கங்கம்மாளைக் கும்பிட்டார். கடலில் கும்பிடுகிற அதே கங்கம்மாள்தான். இங்கே ஆற்றின் பெயரே கங்கை என்பதால் மாமா கூடுதல் உரிமை எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

முதல் கொஞ்ச தூரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். துடுப்பே போட வேண்டாம். ஆறு எங்களைத் தூக்கிக்கொண்டு போயிற்று. இரண்டு பக்கமும் பச்சைச் சுவர், அதில் இடையிடையே வெள்ளையாக அருவிகள். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைக் கண்டதும் எழுந்து நின்று கத்தினார்கள். மாமா அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு துடுப்பைத் தூக்கிக் காட்டினார். வேண்டாம், வேண்டாம் என்று கத்தியிருக்கிறார்கள். மாணிக்கம் பிறகு சொன்னான்.

"இன்னா மச்சான், காத்தும் இல்ல, பாயும் இல்ல, மரம் ஓடுது பாரு!" என்று மாமா பின்னாலிருந்து சத்தம் போட்டார். அந்தக் குரலை நான் ஒரு வருஷமாகக் கேட்கவில்லை.

பிறகு இரைச்சல் கேட்டது. கடலின் இரைச்சலுக்கு மூச்சு உண்டு. வந்து மோதும், அடங்கும், திரும்ப வரும். இந்த இரைச்சல் மூச்சே விடாமல் ஒரே சீராக வந்தது. கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வேர் ஒன்றைப் பிடித்து மாமா மரத்தை நிறுத்தினார். முன்னால் ஆறு இரண்டு பாறைகளுக்கு நடுவே சரிந்தது. சரிவின் அடியில் ஆள் உயரத்துக்கு ஓர் அலை.

"பெருசா கீது. இது போவட்டும். சின்னது வர்றப்ப பூந்துடலாம்" என்றார்.

எங்கள் கரையில் அப்படித்தான் கடலில் இறங்குவோம். பெரிய அலைகள் வரிசையாக வந்து போனதும் கடல் கொஞ்ச நேரம் அடங்கும். அந்த நேரத்துக்காக மரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். இங்கேயும் காத்திருந்தோம். அலை போகவில்லை. இன்னும் காத்திருந்தோம். அதே இடத்தில், அதே உயரத்தில், அதே நுரையோடு நின்றது.

"இன்னாது இது, அங்கியே நின்னுகினு கீது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடலில் தண்ணீர் இருக்கிற இடத்தில் இருக்கும், அலைதான் நடக்கும். இங்கே அலை நின்றுகொண்டிருந்தது, தண்ணீர் நடந்துகொண்டிருந்தது. இது அடங்குகிற அலையே இல்லை. அதை மாமாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வேர் பிய்ந்து அவர் கையோடு வந்துவிட்டது.

சரிவில் விழுந்து, அலைக்குள் போய், மறுபக்கம் வெளியே வந்தோம். மரத்தின் மேல்தான் இருந்தோம். மாமா சிரித்தார், நானும் சிரித்தேன். அவ்வளவுதானா இந்த ஆறு என்று ஒரு எண்ணம் வந்தது. அடுத்த சரிவு வந்தபோது அந்த எண்ணம் இன்னும் எனக்குள் இருந்தது.

அங்கே ஒரு பெரிய பாறையில் மோதித் திரும்பிய தண்ணீர் பக்கவாட்டிலிருந்து எங்கள் மேல் வந்தது. அலையைக் கண்டால் மரத்தின் தலையை அதற்கு நேராகத் திருப்புவது எங்கள் கைப்பழக்கம். மாமாவின் கை அதைச் செய்தது. கடலாக இருந்தால் மரம் அலைமேல் ஏறியிருக்கும். இங்கே பின்னாலிருந்து ஆறு தள்ளிக்கொண்டிருந்தது. மரம் பாதி திரும்பிக் குறுக்கே நின்று, அப்படியே கவிழ்ந்தது.

கவிழ்ந்தால் மரத்தை விடாதே. எங்கள் குப்பத்துப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான். கடலில் மரத்தை விட்டவன் கரை சேர்வதில்லை. நான் இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டேன். நான் இருந்தது ஆறு போகிற கீழ்ப்பக்கம். மாமா மேல்பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். என் முதுகுக்குப் பின்னால் பாறை இருந்தது. மரம் என்னைத் தள்ளிக்கொண்டு நேராக அதை நோக்கிப் போனது. எனக்கு அது தெரியவில்லை. அவர் பார்த்துவிட்டார்.

"வுட்றா! மரத்த வுட்றா!"

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. தண்ணீர் இரைச்சலில் காது ஏதோ தப்பு செய்கிறது என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன். மாமா கயிற்றை விட்டார். மரத்தின் மேலே ஊர்ந்து வந்து என் மணிக்கட்டைக் கடித்தார். விளையாட்டுக் கடி இல்லை, பல் இறங்கியது. வலியில் என் கை தானாக விட்டது. என்னைத் தள்ளிக்கொண்டு அவரும் தண்ணீருக்குள் விழுந்தார். நாங்கள் பாறைக்குப் பக்கத்தில் உரசிக்கொண்டு போனோம். மரம் பாறையில் மோதிய சத்தத்தைத் தண்ணீருக்கு அடியில் கேட்டேன். அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும்.

கொஞ்சம் கீழே, தண்ணீர் சுழன்று அடங்குகிற ஓர் இடத்தில் ஆறு எங்களை ஒதுக்கிவிட்டது. மணலில் கையூன்றி நான் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தேன். மாமா எழுந்து நின்று ஆற்றைப் பார்த்தார். கட்டு அவிழாமல், நான்கு மரமும் ஒன்றாக, மேலே ஒருவரும் இல்லாமல், வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவர் இருந்த பக்கத்தில் அவருக்கு ஆபத்து ஏதும் இல்லை. கயிற்றை விடாமல் இருந்திருந்தால் மரத்தோடேயே கீழே போய்ச் சேர்ந்திருப்பார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"போச்சு" என்றார்.

மாணிக்கம் பாதையிலிருந்து சறுக்கிக்கொண்டு ஓடி வந்தான். எங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். துணி மாற்றக்கூடத் தோன்றாமல், ஈரத்தோடேயே நாங்கள் இருவரும் அவனோடு நடக்க ஆரம்பித்தோம். வழியில் ஒரு வீட்டுக்காரம்மா எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணீரும் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தாள். மாமா கருப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், கடிக்கவும் இல்லை, கலக்கவும் இல்லை.

"தோணித்துறையில கேட்டுப் பாக்கலாம் மாமா" என்றேன்.

"கேட்டு இன்னா ஆவப்போது? எவனாச்சும் கட்டியிருப்பான். நீ கம்முனு வா. உங்க அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன். உன்னாலன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது, ஆமா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மரம் போனதற்காக இல்லை. அவர் அப்படிச் சொன்னதற்காக.

தோணித்துறையில் ஆறு அகலமாகி அடங்கியிருந்தது. கரையோரத்தில், ஒரு மருத மரத்து வேரில், எங்கள் மரம் கட்டியிருந்தது. மாமா போட்ட முடிச்சுகள் அப்படியே இருந்தன. ஓரத்து மரத்தில் மட்டும் பாறை பட்ட இடத்தில் பட்டை உரிந்திருந்தது. கட்டியிருந்த கயிறு எங்களுடையது இல்லை. மாமா பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். ஒரு முறை நன்றாகப் பார்த்தார்.

"கண்ணால பாத்தாச்சி. வா, போலாம்" என்று என் தோளைத் திருப்பினார்.

அதற்குள் துறையிலிருந்த ஆள் எங்களைப் பார்த்துவிட்டார். இடுப்பில் சாரம், தோளில் துண்டு, கட்டையான உடம்பு. பியதாச அவர்தான். வேகமாக வந்தவர் மரத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எங்கள் ஈரத் துணியைப் பார்த்தார், இரத்தம் வழிந்த என் மணிக்கட்டைப் பார்த்தார், இரண்டு விரலைக் காட்டி மாணிக்கத்திடம் ஏதோ கேட்டார்.

"ரெண்டு பேருதானா, வேற யாரும் இல்லையேன்னு கேக்குறாருங்க."

இல்லை என்று தலையாட்டினேன். பியதாச சட்டென்று ஆற்றுப்பக்கம் திரும்பி, கையை வாயில் குவித்துக் கத்தினார். அப்போதுதான் பார்த்தேன். துறைக்குக் கீழே, ஆறு திரும்புகிற இடத்தில், மார்பளவுத் தண்ணீரில் இரண்டு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். கையில் கொக்கி மாட்டிய நீள மூங்கில். கத்தலைக் கேட்டதும் ஒருவன் மூங்கிலை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னா சொல்றாரு?" என்றார் மாமா.

மாணிக்கம் தமிழில் சொன்னான். "'வந்துட்டாங்க, ரெண்டு பேரும் நடந்தே வந்துட்டாங்க, ஏறி வாங்க'ங்கிறாரு. மொதல்ல ரெண்டு துடுப்பு வந்துச்சாம். பின்னாலயே மரம் வந்துச்சாம். ரெண்டு துடுப்புன்னா ரெண்டு ஆளு வரணுமேன்னு தம்பியையும் மச்சானையும் தண்ணியில எறக்கி நிறுத்தியிருக்காரு."

"மரத்துக்காவ நிக்கலியா?"

பியதாசவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. மாணிக்கம் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. "மரத்தைத்தான் கட்டிவிட்டேனே, அது எங்கே போகும்" என்றாராம்.

மாமா விடவில்லை. "ஆளில்லாம வந்த மரம் அது. அவருதுதானே அது? கேளு மாணிக்கம்."

அவர் சொன்ன பதிலை மாணிக்கம் எங்களுக்குச் சொன்னது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. ஆற்றில் வருகிற மரத்துக்கு மேலே எங்கேயோ ஓர் ஆள் இருப்பான். பாதையில் நடந்து வருவான். நடந்து வராவிட்டால், அவனும் ஆற்றில்தான் வருவான். எப்படி வந்தாலும் அவன் வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டுப் பியதாச வேரில் கட்டியிருந்த கயிற்றின் நுனியை அவிழ்த்து மாமாவின் கையில் கொடுத்தார்.

மாமா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். புயலில் மரம் போனபோது அழாதவர் அவர். எண்ணூருக்கு அப்பால் அடுத்தவன் கட்டிய மரத்தைப் பார்த்துவிட்டு வந்தபோதும் அழாதவர். தண்ணீரிலிருந்து ஏறி வந்த இரண்டு பேரும் குளிரில் நடுங்கிக்கொண்டு, என்ன ஆயிற்று இவருக்கு என்று எங்களைப் பார்த்தார்கள். அன்று அவர்கள் வீட்டில் சோறு போட்டார்கள். ஆற்று மீன். மாமா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

லாரி வந்தது, தோணியும் எங்களுக்கு முன்னால் போய்விடவில்லை. மரத்தைச் செதுக்கிக் கட்டி, மீன் காலம் தொடங்கும்போதே மாமா கடலில் இறக்கிவிட்டார். முதல் நாள் கரையேறும்போது அக்கா மணலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல மரமா?" என்று கேட்டாள். "நல்ல மரம்" என்றார். என் மணிக்கட்டுத் தழும்பைப் பற்றி அவள் கேட்டபோது, அட்டை கடித்தது என்று சொன்னார். அவ்வளவு பெரிய அட்டையா என்று குப்பமே இன்றுவரை கேட்கிறது.

அடுத்த வாடையில் ஒரு நாள் நான் குப்பத்துக்குப் போயிருந்தேன். கடல் கொந்தளித்து அப்போதுதான் அடங்கியிருந்தது. அலைக்கு அப்பால் கட்டு அறுந்த ஒரு மரத்துண்டு மிதந்து வந்தது. மேலே ஆளில்லை. முதலில் கை வைக்க எல்லோரும் ஓடினார்கள். மாமாவும் ஓடினார். ஆனால் அந்தத் துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் மரத்தைத் தண்ணீரில் தள்ளி, இன்னொருவனையும் இழுத்து ஏற்றிக்கொண்டு, அலையைத் தாண்டி வெளியே போனார். இவருக்கு மலைக்காற்று மண்டைக்கு ஏறிவிட்டது என்றார்கள். பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் திரும்பினார். யாரும் கிடைக்கவில்லை. முகம் கறுத்துப் போய்க் கரையேறி, வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த மரத்துண்டு மேட்டில் ஏற்றிக் கட்டியிருந்தது. முதலில் கை வைத்தவன் பக்கத்திலேயே குந்தி பீடி பிடித்துக்கொண்டிருந்தான். நல்ல துண்டாச்சே, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகவில்லையா என்று அவனைக் கேட்டேன்.

"கீதே, எங்க போவுது" என்றான். "ஆள் வரட்டும்."